பழைய பைக்கில் ஸ்பார்க் கோளாறு: பேட்டரியிலிருந்து பிளக் முனை வரை தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று நிற்கும். சில சமயம் அடுத்த உதையிலேயே ஸ்டார்ட் ஆகும், சில சமயம் அரை மணி நேரம் ஆட்டம் காட்டும். இப்படி ஒரு பழைய வண்டியோடு நான் இரண்டு மாதம் போராடினேன். முதலில் பிளக் மாற்றினேன், பிறகு கண்டென்சர் (கரண்டைச் சற்று நேரம் தேக்கி வைக்கும் சிறு பாகம்), அப்புறம் காயில் (சிறு வோல்ட்டைப் பிளக்குக்கு வேண்டிய பெரிய வோல்ட்டாக்கும் பாகம்). ஒவ்வொன்றை மாற்றியதும் இரண்டு நாள் ஒழுங்காக ஓடும், மூன்றாம் நாள் மறுபடி நிற்கும். கடைசியில் பார்த்தால், ஹேண்டில் திரும்பும் இடத்தில் ஒரு வயர். மேலுறையில் கீறல்கூட இல்லை. உள்ளே செம்புக் கம்பி அறுந்து இரண்டு இழையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கழற்றி வைத்த பாகங்கள் எல்லாமே நல்ல பாகங்கள்.

அதன்பிறகு பாகத்தை மாற்றிப் பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிட்டேன். கரண்ட் எங்கே பிறக்கிறதோ அங்கிருந்து பிளக் முனை வரை அது போகும் வழியிலேயே நாமும் போக வேண்டும். எந்த இடத்தில் கரண்ட் காணாமல் போகிறதோ, கோளாறு அதற்குச் சற்று முன்னால்தான் இருக்கும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கின்றன.

முதலில், இது ஸ்பார்க் கோளாறுதானா?

பெட்ரோல் கோளாறும் ஸ்பார்க் கோளாறும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் வண்டி நிற்கும் விதத்தில் வித்தியாசம் தெரியும். பெட்ரோல் வரவில்லை என்றால் இன்ஜின் இழுவை குறைந்து, இருமி, தயங்கித் தயங்கி நிற்கும். ஸ்பார்க் போனால் சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே நொடியில் நிற்கும். ஓடும்போது விட்டுவிட்டு வெட்டுவதும், வெட்டு முடிந்த கையோடு சைலன்சரில் 'டப்' என்று வெடிப்பதும் பெரும்பாலும் ஸ்பார்க் பக்கத்துச் செய்தி. எரியாமல் போன பெட்ரோல் சைலன்சரில் சேர்ந்து, அடுத்த பொறியில் பற்றிக்கொள்கிறது.

ஸ்டார்ட்டே ஆகாத வண்டி என்றால் பத்து முறை உதைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, எரியவில்லை என்று அர்த்தம். சந்தேகம் ஸ்பார்க்கின் மேல் போகட்டும். எலும்புபோல உலர்ந்திருந்தால் முதலில் கார்புரேட்டரையும் பெட்ரோல் டேப்பையும் கவனியுங்கள்.

இன்னொன்று. டேங்க் மூடியில் காற்று புகும் சிறு துளை அடைத்திருந்தால், பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. சற்று நேரம் நின்றால் காற்று கசிந்து உள்ளே போய்விடும், வண்டியும் கிளம்பிவிடும். சூட்டில் செத்துப்போகும் காயிலும் இதே நாடகத்தைத்தான் ஆடும். வண்டி நின்றதும் உடனே டேங்க் மூடியைத் திறந்து, ஒரு நிமிடம் பொறுத்து உதைத்துப் பாருங்கள். திறக்கும்போது காற்று உள்ளிழுக்கும் சத்தம் கேட்டு, வண்டியும் ஸ்டார்ட் ஆனால் காயிலைத் தொடவே வேண்டாம்.

கிக்கரை மெல்ல அழுத்தும்போது காலுக்கு நல்ல எதிர்ப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஷன் இல்லாத இன்ஜினில் எத்தனை நல்ல ஸ்பார்க் இருந்தும் பயனில்லை.

உங்கள் வண்டியில் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மீட்டரைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு வகைக்குச் சரியான சோதனை இன்னொரு வகைக்குத் தவறான பதிலைத் தரும்.

மேக்னெட்டோ மிகப் பழையது. பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் 1902-ல் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். இதற்கு பேட்டரி வேண்டாம். சுழலும் காந்தமே கரண்டை உண்டாக்கும், பாயிண்ட் (திறந்து மூடும் ஒரு ஜோடி தொடுமுனை) அதை வெட்டிவிடும். பிறகு 1910 வாக்கில் சார்லஸ் கெட்டரிங் கார்களுக்காகக் கொண்டுவந்த பேட்டரி, காயில், பாயிண்ட் முறை வந்தது. பல பத்தாண்டுகள் மோட்டார் சைக்கிள்களிலும் அதுதான் ஓடியது. பாயிண்டே இல்லாத சிடிஐ (கெபாசிட்டரில் சேர்த்த கரண்டை ஒரே அடியாகக் காயிலுக்கு விடும் எலக்ட்ரானிக் முறை), 1969-ல் வந்த கவாசாகி ஹெச்1 போன்ற வண்டிகளில் தொடங்கிப் பிறகு எல்லாப் பக்கமும் பரவியது. சிடிஐயிலும் இரண்டு பிரிவு உண்டு. மேக்னெட்டில் உள்ள தனிச் சுருளிலிருந்து கரண்ட் எடுப்பது ஏசி சிடிஐ, பேட்டரியிலிருந்து எடுப்பது டிசி சிடிஐ.

கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) வேலை செய்யும் விதம் இவற்றில் நேர்மாறானது. பேட்டரி காயில் முறையில் சாவியும் கில் சுவிட்சும் காயிலுக்குப் போகும் கரண்டைத் துண்டித்து இன்ஜினை நிறுத்துகின்றன. மேக்னெட்டோவிலும் பெரும்பாலான ஏசி சிடிஐயிலும் அவை கரண்டை எர்த்துக்குத் திருப்பிவிட்டு நிறுத்துகின்றன. முதல் வகையில் வயர் அறுந்தால் வண்டி நிற்கும். இரண்டாம் வகையில் வயர் உறை கிழிந்து சேஸில் பட்டால் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை சுலபமாகிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), பிளக் ஸ்பேனர், இரண்டு நீள வயர் வைத்த சிறு பல்பு (டெஸ்ட் பல்பு), கம்பி பிரஷ், சுத்தமான வெள்ளைத் தாள். வண்டியின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் மிக நல்லது. நான் கீழே தரும் எண்கள் பொதுவானவை. மேனுவல் வேறு எண் சொன்னால் மேனுவல் சொல்வதையே பின்பற்றுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காயிலிலிருந்து வருவது பல்லாயிரம் வோல்ட். சிடிஐ கொடுக்கும் அடி இன்னும் கடுமையானது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனைகள் பக்கமே போகக் கூடாது. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே பீய்ச்சும், அதனால் ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கைத் துளைக்கு அருகில் வைக்காதீர்கள். துளையைத் துணியால் மூடிவிடுங்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: பிளக்

கழற்றிய பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிப்பு நன்றாக இருக்கிறது. உலர்ந்த கரிப்புகை படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், இல்லை ஸ்பார்க் பலவீனம். எண்ணெய் வழவழப்பு என்றால் ரிங், வால்வு வழியாக எண்ணெய் ஏறுகிறது; இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய் கலவை கூடியிருக்கலாம். வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்து, முனை உருகியதுபோல இருந்தால் ஜாக்கிரதை. கலவையில் பெட்ரோல் குறைவு, டைமிங் (பிளக் பொறிவிடும் நேரம்) முன்னேறியிருக்கிறது, இல்லை பிளக்கின் சூட்டு வகை தவறு.

சூட்டு வகையில் பலர் ஏமாறுகிறார்கள். என்ஜிகே பிளக்கில் எண் ஏற ஏற அது குளிர் பிளக், அதாவது முனையின் சூட்டை வேகமாக வெளியேற்றுவது. பாஷ் பிளக்கில் எண் ஏற ஏற அது சூட்டுப் பிளக். ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து இன்னொன்றை வாங்கினால் நேரெதிராகப் போய்விடும், ஒப்பீட்டு அட்டவணை பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இடைவெளி, பாயிண்ட் வைத்த வண்டிகளில் பொதுவாக 0.5 முதல் 0.7 மி.மீ., சிடிஐ வண்டிகளில் 0.7 அல்லது 0.8 மி.மீ. வரை. பெட்ரோலில் பலமுறை நனைந்த பிளக்கைச் சுத்தம் செய்தாலும் பீங்கானில் ஊறிய கரி வழியே கரண்ட் கசிந்துவிடுவதுண்டு. அதனால் மாற்று பாகம் என்று நான் முதலிலேயே அனுமதிப்பது பிளக் ஒன்றைத்தான். நன்றாக ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கைச் சோதனைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஸ்பார்க்கைப் பார்ப்பது

பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடலை இன்ஜினின் பெயின்ட் இல்லாத பகுதியில் அழுத்தமாகத் தொடும்படி வைத்து, சாவியைப் போட்டு வேகமாக உதையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், ஒரு வயரால் கட்டிவிடுங்கள். தடிமனான, நீலம் கலந்த வெள்ளைப் பொறி, 'டிக்' என்ற சத்தத்தோடு வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, இடம் மாறி மாறி வந்தால் பலவீனம்.

ஆனால் இந்தச் சோதனையை முழுதாக நம்பிவிடாதீர்கள். திறந்தவெளியில் அரை மில்லிமீட்டர் தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்ட நிலையில் அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வோல்ட் வேண்டும். வெளியே பொறி தெரிந்தும் உள்ளே எரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். எனவே இடைவெளியைத் திருகிக் கூட்டக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்றை வாங்கி வையுங்கள். திறந்தவெளியில் 6 மி.மீ. தாண்டினால் காயிலும் அதற்கு முன்னுள்ளவையும் போதுமான பலத்தோடு இருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஹெச்டி வயரை (காயிலிலிருந்து பிளக்குக்கு உயர் வோல்ட் கொண்டுபோகும் தடித்த வயர்) எதிலும் தொடாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு உதைக்காதீர்கள். வெளியேற வழியில்லாத வோல்ட் காயிலின் உள் உறையைத் துளைத்துவிடும், சிடிஐயையும் கெடுக்கும். சில இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் ஒரே காயில் இரண்டு பிளக்கையும் ஒரே நேரத்தில் பொறிக்க வைக்கும். அங்கே ஒரு பிளக்கைக் கழற்றி எர்த்தில் வைக்காமல் விட்டால் மற்றதிலும் பொறி வராது, வந்தாலும் பலவீனமாக இருக்கும். இரண்டையும் கேப்பில் செருகி இரண்டையும் எர்த்தில் வைத்த பிறகே தீர்ப்பு.

படி 3: கேப்பும் ஹெச்டி வயரும்

மலிவான, சின்ன, அடிக்கடி மறக்கப்படும் பாகம் பிளக் கேப். பலவற்றின் உள்ளே ரேடியோ இரைச்சலைக் குறைக்க 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். வருடக்கணக்கில் சூடுபட்டு அது தன் மதிப்பை இழந்து மிக உயர்ந்துவிடும், சில சமயம் முழுதாக அறுந்துவிடும். கேப்பை வயரிலிருந்து இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, இரண்டு முனைக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். 5 கிலோ ஓம் கேப் 5-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு காட்டினால் மாற்றிவிடுங்கள். ரெசிஸ்டர் இல்லாத கேப் என்றால் பூஜ்யம் காட்டும், அதுவும் சரியே.

வயரின் முனையைப் பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் 5, 6 மி.மீ. வெட்டி எறிந்துவிட்டுப் புது முனையில் கேப்பைத் திருகுங்கள். பெயரில் 'ஆர்' எழுத்துள்ள ரெசிஸ்டர் பிளக்கும் ரெசிஸ்டர் கேப்பும் சேர்ந்தால் பழைய, வலுக் குறைந்த மேக்னெட்டோவுக்குச் சுமை கூடும். இரண்டில் ஒன்று போதும்.

இரவில், வெளிச்சமே இல்லாத இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு வயரையும் கேப்பையும் கவனித்துப் பாருங்கள். எங்காவது கசிவு இருந்தால் நீலமாக ஊர்ந்து போவது கண்ணுக்கே தெரியும். தண்ணீரை ஸ்பிரேயரில் மெல்லியதாக அடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மழையில் மட்டும் நிற்கும் வண்டிக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

படி 4: காயில் வரை கரண்ட் வருகிறதா?

இது பேட்டரி காயில் வண்டிகளுக்கு. பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6-ஐ ஒட்டியும், 6 வோல்ட் பேட்டரி 6.3-ஐ ஒட்டியும் காட்டும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டியில் பட்டனை அழுத்தும்போது 12 வோல்ட் பேட்டரி 10-க்குக் கீழே விழுந்தால், ஸ்டார்ட்டர் சுழலும், ஸ்பார்க்குக்கு மிச்சம் இருக்காது. அதே வண்டியை உதைத்தோ தள்ளியோ ஸ்டார்ட் செய்ய முடிவது இதற்கு அடையாளம்.

அடுத்து, சாவியைப் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில், காயிலுக்கு வரும் வயரில் வோல்ட் அளந்து பேட்டரி வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். பாயிண்ட் மூடியிருக்க வேண்டும் என்பது முக்கியம். கரண்ட் ஓடாத வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும். என் வண்டியில் நான் ஏமாந்தது இங்கேதான். பாயிண்ட் திறந்திருந்தபோது அளந்து, 'கரண்ட் வருகிறது' என்று முடிவு கட்டிவிட்டேன். சுமை ஏறும்போது அளந்தால்தான் வயரின் உண்மை நிலை தெரியும்.

அரை வோல்ட் குறைவு வரை பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் அந்த வோல்ட் வழியில் எங்கோ வீணாகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்துவிட்டு, மற்றொன்றை ஃபியூஸ், சாவி சுவிட்ச், கில் சுவிட்ச், கனெக்டர் என்று ஒவ்வொன்றின் இரு பக்கமும் நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ, அதுதான் இடம். பெரும்பாலும் சாவி சுவிட்சின் உள்ளே கறுத்துப்போன தொடுமுனை, இல்லை கில் சுவிட்சில் ஏறிய களிம்பு. பிரித்து, சுத்தம் செய்து, சிறிது காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். அப்படியானால் மேலே சொன்னதையெல்லாம் எதிர்ப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய வண்டியில் எலக்ட்ரானிக் பாகம் எதையும் பொருத்தும் முன் துருவம் பொருந்துகிறதா என்று இருமுறை பாருங்கள்.

சோதனை முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜின் நிற்கும்போது சாவி போட்டே இருந்தால் காயிலில் 3, 4 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகிப் பழுதாகும்.

படி 5: காயில்

வயர்களைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். பாயிண்ட் வகை 12 வோல்ட் காயிலில் முதல் சுருள் (கரண்ட் உள்ளே வரும் பக்கம்) பொதுவாக 3 முதல் 5 ஓம். சிடிஐ காயிலில் ஒரு ஓமுக்கும் குறைவாக இருப்பது சகஜம். இவ்வளவு சிறிய எண்ணை அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொடவைத்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுருள் (பிளக்குக்கு வோல்ட் தரும் பக்கம்) சில ஆயிரம் ஓமிலிருந்து 15 ஆயிரம் வரை, காயிலைப் பொறுத்து மாறும். பிளக் கேப்பைக் கழற்றாமல் அளந்தால் கேப்பின் 5 ஆயிரமும் சேர்ந்து வரும்.

அளவு சரியாக இருந்தாலும் காயில் நல்லது என்று ஆகிவிடாது. சூடானால் மட்டும் உள்ளே உறை விட்டுப்போகும் காயில், குளிரில் அளந்தால் கச்சிதமாகக் காட்டும். ஆனால் அளவு தவறாக இருந்தால் காயில் கெட்டது நிச்சயம். இரண்டு காயில் உள்ள வண்டி என்றால் அதிர்ஷ்டம்தான்: ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாற்றிப் பொருத்துங்கள். கோளாறு காயிலோடு சேர்ந்து மறு சிலிண்டருக்குப் போனால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் ஒன்றைக் கவனியுங்கள். பல ஏசி சிடிஐ வண்டிகளில் காயில் தன் போல்ட் வழியாகத்தான் எர்த் எடுக்கும். அழகான புதுப் பெயின்ட் அந்த எர்த்தைத் தடுத்துவிடும். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டால் சரியாகிவிடும்.

படி 6: பாயிண்டும் கண்டென்சரும்

பாயிண்ட் வைத்த பழைய வண்டியில் அதிகம் தொல்லை கொடுப்பதும், கையாலேயே சரிசெய்ய முடிவதும் இந்த இடம்தான். அதனால் இங்கே நிதானமாகச் செய்யுங்கள்.

மூடியைத் திறந்ததும் தொடவே தொடாமல் பாருங்கள். எண்ணெய்ப் பசை இருக்கிறதா? இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பாயிண்ட் ஈரமாக இருந்தால் கிராங்க் சீல் போயிருக்கலாம். சீலை மாற்றாமல் பாயிண்டைத் துடைத்துத் துடைத்து ஓட்டினால் அதே சீல் வழியாக உள்ளே போகும் காற்று கலவையைக் கெடுத்து பிஸ்டனையே கெடுக்கும். தொடுமுனைகள் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருப்பது இயல்பு. கறுத்து, ஒரு பக்கம் மேடும் மறு பக்கம் குழியுமாக இருந்தால் கண்டென்சர் மீது சந்தேகம் வைக்கலாம்.

இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.4 மி.மீ. கேம் (சுழன்று பாயிண்டைத் தள்ளித் திறக்கும் மேடு) முழுதாகத் தூக்கிய நிலைக்கு இன்ஜினைத் திருப்பி, சுத்தமான ஃபீலர் கேஜால் அளந்து, திருகை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடுவது வழக்கம். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பின்னால் போகும். முனைகளில் பொறியும் அதிகமாகும். கூடினால் டைமிங் முன்னால் வரும், காயில் நிரம்ப நேரம் போதாமல் அதிக வேகத்தில் மிஸ்ஸிங் வரும். கேமில் உரசும் பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி தானாகவே குறையும். கேமுக்குத் துளி கிரீஸ் வைக்காத வண்டியில் இது வேகமாக நடக்கும். துளி என்றால் துளிதான், அதிகமானால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டும்.

லேசான கறையைப் பாயிண்ட் அரம் கொண்டு இரண்டு முறை இழுத்து எடுக்கலாம். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள் முனையில் பதிந்துவிடும். கடைசியில் வெள்ளைத் தாளை பெட்ரோலில் நனைத்து, மூடிய முனைகளுக்கு நடுவே இழுங்கள். தாளில் கறை வராத வரை இழுக்க வேண்டும். புது பாயிண்டுக்கும் இது கட்டாயம், துருப்பிடிக்காமலிருக்க அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சு போட்டே விற்கிறார்கள். புதுப் பாயிண்ட் போட்டதும் ஸ்பார்க்கே இல்லை என்று தவிப்பவர்கள் பலருக்குக் காரணம் அந்தப் பூச்சுதான்.

இனி மூன்று சிறு அளவுகள், பேட்டரி வகைக்கு மட்டும். சாவி போட்டு, பாயிண்ட் மூடியிருக்க, அசையும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் பாயிண்ட் இன்னும் அழுக்காக இருக்கிறது, இல்லை அதன் தட்டு சரியாக எர்த் ஆகவில்லை. அடுத்து முனைகளுக்கு நடுவே காய்ந்த அட்டைத்துண்டைச் செருகி மறுபடி பாருங்கள், இப்போது பேட்டரி வோல்ட் வர வேண்டும். காயிலுக்குக் கரண்ட் வந்தும் இங்கே பூஜ்யமே காட்டினால், பாயிண்ட் திறந்தும் கரண்ட் வேறு வழியில் எர்த்துக்குப் போகிறது. ஒன்று கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, இல்லை பாயிண்ட் பொருத்தும்போது இன்சுலேட்டர் வாஷரை வரிசை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். கண்டென்சர் வயரைக் கழற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மூன்றாவது, அட்டையை எடுத்துவிட்டு, பிளக்கை எர்த்தில் வைத்து, உறையிட்ட ஸ்க்ரூடிரைவரால் பாயிண்டைத் தட்டித் திறந்து விடுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் பிளக்கில் பொறி வர வேண்டும். வந்தால் மின்சாரப் பக்கம் முழுதும் நலம்.

கண்டென்சரின் வேலை, பாயிண்ட் திறக்கும் கணத்தில் கரண்ட் அங்கேயே பொறியாகத் தாண்டிவிடாமல் உள்வாங்கிக்கொள்வது. அதனால்தான் காயிலின் காந்தப்புலம் ஒரே அடியாகச் சரிந்து, பிளக்குக்குப் பெரிய வோல்ட் கிடைக்கிறது. கண்டென்சர் செத்தால் பிளக்குக்குப் போக வேண்டிய பொறி பாயிண்டில் பட்டாசாக வெடிக்கும். இருட்டில் மூடியைத் திறந்து உதைத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு பொறி தெரிவது இயல்பு, தொடர்ந்து பளீரென்று எரிந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். கொள்ளளவு அளக்கும் மீட்டர் இருந்தால் பெரும்பாலும் 0.2-ஐயோ 0.25 மைக்ரோஃபாரடையோ ஒட்டி வரும். ஆனால் மீட்டர் தரும் சின்ன வோல்ட்டில் தேறிய கண்டென்சர், ஓட்டத்தில் வரும் சில நூறு வோல்ட்டிலும் சூட்டிலும் தோற்றுவிடலாம். கண்ணால் பார்க்கும் பொறியையே நான் அதிகம் நம்புகிறேன்.

கண்டென்சர் பாயிண்டின் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்றில்லை. பாயிண்ட் வயரும் எர்த்தும் கிடைக்கும் எந்த இடத்திலும் வைக்கலாம். இன்ஜின் சூடு படாமல் காயிலுக்கு அருகே மாற்றி வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

படி 7: மேக்னெட்டோவும் சிடிஐயும்

முதல் வேலை, கில் சுவிட்சுக்கும் சாவிக்கும் போகும் வயரைக் கழற்றிவிட்டு உதைப்பது. இப்போது ஸ்பார்க் வந்தால் மேக்னெட்டும் சிடிஐயும் நலம், எர்த்தில் பட்டிருக்கும் வயரையோ கெட்ட சுவிட்சையோ தேடினால் போதும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் சிடிஐ வாங்கியவர்கள் ஏராளம். வயர் கழன்றிருக்கும்போது சாவியால் இன்ஜின் அணையாது என்பதை நினைவில் வையுங்கள். டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்சை மெல்ல விட்டு நிறுத்துங்கள்.

ஸ்பார்க் வரவில்லை என்றால், மேக்னெட்டிலிருந்து வரும் கனெக்டரைப் பிரித்துச் சுருள்களை அளங்கள். ஏசி சிடிஐயில் கரண்ட் தரும் சுருளும், 'இப்போது பொறி விடு' என்று சைகை தரும் பல்சர் காயிலும் பொதுவாக நூறு முதல் சில நூறு ஓம் வரை காட்டும். முடிவிலி காட்டினால் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டினால் ஷார்ட். ஓம் சரியாக இருந்தால், மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து வேகமாக உதையுங்கள். கரண்ட் தரும் சுருளில் பல பத்து வோல்ட் துள்ளும், பல்சரில் ஒரு வோல்ட்டைச் சுற்றிய சிறு அசைவு தெரியும். இவை நொடிப்பொழுது துடிப்புகள் என்பதால் சாதாரண மீட்டர் உண்மை உச்சத்தைக் காட்டாது. உச்ச வோல்ட் அடாப்டர் இருந்தால் சரியாக அளக்கலாம்.

சிடிஐ பெட்டியை ஓம் மீட்டரால் நம்பிக்கையாகச் சோதிக்க முடியாது. உள்ளே வருவதெல்லாம் சரி, எர்த் சரி, காயில் சரி, கில் வயர் கழற்றியாயிற்று, இன்னும் ஸ்பார்க் இல்லை என்றால்தான் பெட்டியின் மேல் கை வைக்க வேண்டும்.

மேக்னெட் வீலைக் கழற்ற வேண்டி வந்தால் அதற்குரிய புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) பயன்படுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் காந்தம் விரிசல் விடும், வலுவிழக்கும், கிராங்க்கும் கோணும். கழற்றியதும், வீலை கிராங்க்கோடு பூட்டி நிறுத்தும் சிறு உலோகச் சாவித் துண்டைப் பாருங்கள். அது வெட்டுப்பட்டு வீல் சற்றே சுழன்றிருந்தால் ஸ்பார்க் அருமையாக வரும், தவறான நேரத்தில் வரும்.

படி 8: டைமிங்

நல்ல ஸ்பார்க், நல்ல பெட்ரோல், ஆனாலும் கிக்கர் திருப்பி உதைக்கிறது, கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது, இல்லை இழுவையே இல்லாமல் சைலன்சர் அளவுக்கு மேல் சூடாகிறது என்றால் டைமிங்கைப் பாருங்கள்.

பேட்டரி வகையில் டெஸ்ட் பல்பு போதும். பாயிண்ட் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பை இணைத்து, பிளக்கைக் கழற்றி எர்த்தில் வைத்து, சாவியைப் போட்டு, இன்ஜினை ஓடும் திசையில் மட்டும் மெல்லத் திருப்புங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு அணைந்திருக்கும், திறக்கும் கணத்தில் எரியும். வீலில் உள்ள 'எஃப்' குறி நிலைக் கோட்டுக்கு நேராக வரும்போது அது எரிய வேண்டும். 'டி' என்பது பிஸ்டன் உச்சியில் இருக்கும் இடம், அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங், ஒருபோதும் முன்னால் அல்ல. இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும்.

வேகம் ஏறும்போது டைமிங்கை முன்னால் தள்ளும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் பாயிண்ட் தட்டுக்குப் பின்னால் இருக்கும். கேமைக் கையால் திருப்பிவிட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும். துருவில் சிக்கினால் ஐடிலில் நன்றாக ஓடி வேகத்தில் சோர்ந்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்தால் ஐடில் நிலைக்காது, கிக்கர் திருப்பி அடிக்கும்.

சூடானால் நிற்பதும், எப்போதாவது நிற்பதும்

வீட்டு வாசலில் எல்லாச் சோதனையும் தேறிவிடும், வழியில் நிற்கும். இதுதான் மிகவும் கடினமான வகை. சூட்டில் நிற்பதாகச் சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் டெஸ்டரையும் மீட்டரையும் பையில் எடுத்துக்கொண்டு ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள் ஸ்பார்க் பாருங்கள், சுருள்களை அளங்கள். காயிலின் மேலும் சிடிஐயின் மேலும் தனித்தனியாகக் குளிர்ந்த ஈரத்துணியைச் சுற்றிப் பார்க்கலாம், மின்முனைகளில் தண்ணீர் படக் கூடாது. எதைக் குளிர வைத்ததும் ஸ்பார்க் திரும்பியதோ அதுதான். வீட்டில் செய்வதானால் தலைமுடி உலர்த்தியால் ஒவ்வொரு பாகமாகச் சூடேற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கலாம். பல்சர் காயிலில் இப்படிச் சூட்டில் மட்டும் அறுபடும் கோளாறு அடிக்கடி வரும்.

எப்போதாவது நிற்கும் வண்டிக்கு, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள், வயர்க் கட்டை ஒவ்வொரு சாணாக அசையுங்கள், சாவியைச் சுவிட்சுக்குள் ஆட்டுங்கள், சீட்டின் அடியில் உள்ள கனெக்டர்களை இழுத்துப் பாருங்கள். எதிலும் அகப்படவில்லை என்றால், பேட்டரி வகையில் கடைசியாக ஒரு வழி இருக்கிறது. ஒரு சிறு 3 வாட் பல்பை ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் கட்டி, ஒரு வயரைக் காயிலுக்குக் கரண்ட் வரும் முனையிலும் இன்னொன்றை எர்த்திலும் இணைத்து, வாகனம் அதிகம் இல்லாத சாலையில் ஓட்டுங்கள். வண்டி வெட்டும் கணத்தில் பல்பும் கண் சிமிட்டினால் கோளாறு பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவே. பல்பு அசையாமல் எரிந்தபடி வண்டி மட்டும் வெட்டினால் காயில், பாயிண்ட், கண்டென்சர், கேப் பக்கம்.

என் வண்டியில் முதல் நாள் ஓட்டத்திலேயே, இடப்பக்க வளைவு ஒன்றில், பல்பு அணைந்து எரிந்தது.